உள்ளே ஐம்பத்தொன்று புள்ளி நான்கு

“குழாயைத் திறந்தா காத்து வருது சார், காத்து! அதைக் குடத்துல புடிச்சு வைக்கவா, இல்ல சைக்கிளுக்கு அடிச்சுக்கவா?”

தையல்காரம்மா இப்படிக் கேட்டபோது கூட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் நாலு பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மருந்துக்கடை மாடியில் இருக்கும் தெருச் சங்கத்து அறையில் பதினெட்டு நாற்காலிகள்தான் உண்டு. அன்றைக்கு வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். சண்டை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

“ஒவ்வொருத்தரா பேசுங்கம்மா,” என்றார் செயலாளர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூட்டத்தையும் அப்படித்தான் நடத்துவார்: பேச வருகிறவர் முதலில் கையைக் காட்ட வேண்டும், பின்னால் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மெதுவாக உள்ளே நுழைய வேண்டும்.

“ஒவ்வொருத்தரா பேசிப் பேசியே பதினோரு நாளாச்சு. என் வீடு கடைசி வீடு. எல்லாரும் தூங்கறப்போ நூல் மாதிரி ஒழுகுது. நாலு பேர் எழுந்து பல் விளக்க ஆரம்பிச்சா அதுவும் நின்னுபோவுது. நூலுக்கா சார் எனக்குப் பஞ்சம்?”

சிரிப்பு எழுந்தது. தையல்காரம்மா சிரிக்கவில்லை.

“இணைப்புலதாங்க கோளாறு,” என்றார் ரொட்டிக்கடைக்காரர். அவர் வீடு மேட்டின் தொடக்கத்தில். குழாயைத் திறந்தால் வாளி எகிறும். “உருக்கி ஒட்டறேன்னு சொல்லி உள்ளுக்குள்ளயே உருக்கி அடைச்சு வச்சிருக்கான். ரொட்டி அச்சுல மாவு பொங்கி வழியற மாதிரி.”

அடைத்து வைத்ததாகச் சொல்லப்பட்ட பிளம்பர், சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். முழங்காலில் மண். இருபத்தொன்பது வயது, அகலமான கை, அதிகம் பேசாத வாய்.

“இணைப்பு சரியா இருக்கு,” என்றான்.

“இணைப்பு சரி, குழாய் சரி, நீ சரி. அப்போ எதுதான்பா சரியில்ல?”

அவன் முன்வரிசையில் மடியில் கோப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவரை ஒருமுறை பார்த்தான். அவ்வளவுதான். ஆனால் அவன் பார்வை போன பக்கமே எல்லோர் பார்வையும் போனது.

அங்கே உட்கார்ந்திருந்தவர் தசமம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது இப்போது அஞ்சல்காரருக்கு மட்டும்தான் தெரியும். குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். குழாயில் போகிற தண்ணீர் சும்மா போவதில்லை; குழாயின் சுவரோடு உரசி உரசி, வளைவுகளில் மோதி மோதி, போகப் போக வலுவிழக்கிறது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இழக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் உத்தியோகம். அந்தப் பழக்கத்தில் எதையும் முழு எண்ணில் சொல்ல மாட்டார். மகளுக்கு என்ன வயது என்று கேட்டால் “இருபத்தாறு புள்ளி மூணு” என்பார். தலைவலியா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு “முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி” என்று சொன்னவர். தெரு வேறென்ன பெயர் வைக்கும்?

மேல்தெருவுக்குத் தனிக் குழாய் போடுவது என்று சங்கம் முடிவு செய்தபோது கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். கீழே பெரிய சாலையில் ஓடும் குழாயிலிருந்து நானூற்று இருபது மீட்டர் மேடேறி வர வேண்டும். நாலு நாள் உட்கார்ந்து, பதினோரு பக்கம் எழுதி, கோடு போட்டுக் கொடுத்தார். கைம்மாறு எதுவும் கேட்கவில்லை. கணக்கைக் கேட்டார்களே, அதுவே போதும் அவருக்கு. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் யாரும் அவரிடம் மணிகூடக் கேட்பதில்லை.

தசமம் எழுந்தார். கோப்பைத் திறந்தார்.

“கீழே அழுத்தம் முப்பத்திரண்டு மீட்டர். அதாவது தடையே இல்லேன்னா தண்ணி அவ்வளவு உயரம் ஏறும். கடைசி வீடு பதினெட்டு மீட்டர் மேட்டுல இருக்கு. உராய்வுல போறது அஞ்சு புள்ளி ஒண்ணு. வளைவுகள்ல பூஜ்யம் புள்ளி எட்டு. எல்லாம் போக அம்மா வீட்டுக் குழாய்ல எட்டு புள்ளி ஒண்ணு மிச்சம் இருக்கணும்.” கோப்பை மூடினார். “கணக்குல தப்பில்ல. வேலையில பாருங்க.”

எல்லோரும் பிளம்பரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் வேலை செய்தவன் அவருக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவன். இன்னும் இரண்டு மாதத்தில் கல்யாணம். மண்டபம்கூடச் சொல்லியாகிவிட்டது.

“நேர்மைன்னா இது நேர்மைங்க,” என்றார் ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், அறை முழுவதும் கேட்கிற மாதிரி. “சொந்த மாப்பிள்ளைன்னு பார்க்கலையே மனுஷன்!”

பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டான். “சரி. எல்லா இணைப்பையும் நானே தோண்டி, வெட்டி, திறந்து காட்டறேன் சார்,” என்றான்.

நாலு மாதமாக அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். கதவருகே நின்றிருந்த மகளுக்கு அந்த ‘சார்’ காதில் விழுந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பையன் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். வந்தவன் வேலையை முடித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ஒரு வரைபடத்தைப் பார்த்து, “சார், ஒரு வளைவுக்கு எல்போ போட்டா எத்தனை அடி நேர்குழாய்க்குச் சமம்னு எடுத்துக்குவீங்க?” என்று கேட்டான். தசமத்துக்குக் கண் கலங்காத குறை. முப்பத்தொரு வருடத்தில் அலுவலகத்தில்கூட யாரும் ஆசையாக அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. உட்காரவைத்து இரண்டு மணி நேரம் விளக்கினார். மகள் இரண்டு முறை டீ கொண்டுவந்தாள். மூன்றாவது முறை டீ இல்லாமலே வந்து நின்றாள். இதைக் கவனிக்காதவர் தசமம் ஒருவர்தான்.

விஷயம் தெரிந்ததும் மனைவி குதித்தாள். “படிச்ச பொண்ணு, மூக்குக்கண்ணாடிக்கடையில கௌரவமா உட்கார்ந்து வேலை பார்க்கறா. போயும் போயும் சாக்கடை நோண்டறவனா?”

“அவனுக்குக் கணக்கு புரியுதும்மா,” என்றார் தசமம். அவரைப் பொறுத்தவரை ஜாதகம், குலம், சம்பளம் எல்லாம் அதில் அடங்கிவிட்டது.

கூட்டம் முடிந்த மறுநாளே பிளம்பர் தோண்ட ஆரம்பித்தான். மொத்தம் பதினாலு இணைப்பு. பள்ளிக்கூட மதிலை ஒட்டி வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தான். உள்ளே உருகிய பிளாஸ்டிக் மெல்லிய வளையல் மாதிரி ஓரத்தில் படிந்திருந்ததே தவிர, அடைப்பு எதுவும் இல்லை. வெட்டிய துண்டுகளை வரிசையாக மதில்மேல் வைத்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணில் வைத்து, எதிரே வருகிறவரைப் பார்த்தார்கள். “நல்லா தெரியுதே, அடைப்பு இல்லையே” என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. “இப்ப சுத்தம் பண்ணி வச்சிருப்பான்” என்றார்கள்.

எட்டாவது இணைப்பு வெட்டிய அன்று தசமம் அந்தப் பக்கம் போனார். பிளம்பர் இடுப்பளவுக் குழியில் இருந்தான். தசமம் மதில்மேல் இருந்த ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது என்றுதான் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். ஆனால் தெரியாமல் இருக்குமா? தையல்காரம்மா ‘எல்லாரும் தூங்கறப்போ ஒழுகுது’ என்று சொன்ன அன்றே அவருக்குக் காரணம் தட்டுப்பட்டது. நாலு பேர் திறந்தால் நிற்கிறது, யாரும் திறக்காவிட்டால் வருகிறது என்றால் அது கசிவு அல்ல. ஓட்டம் கூடக் கூட உராய்வு தின்றுவிடுகிறது. இணைப்பில் அடைப்பு இல்லையென்றால் குழாயே ஒடுக்கமாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முப்பத்தொரு வருடம் தேவையில்லை, முதல் வருடமே போதும். அந்த எண்ணத்தை அவர் ஒன்பது நாளாக வாசலிலேயே நிற்கவைத்திருந்தார்.

மேசை இழுப்பறையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். அதன் தாடைகளைக் கறுப்புக் குழாய்த் துண்டின் வாய்க்குள் விட்டு விரித்தார். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். துண்டைத் திருப்பி இன்னொரு முனையில் அளந்தார். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு. வெளியே அளந்தார். அறுபத்துமூன்று.

அவருடைய பதினோரு பக்கக் கணக்கில் குழாயின் உள்ளளவு அறுபத்துமூன்று.

அவர் கணக்குப் போட்டது இரண்டரை அங்குல இரும்புக் குழாய்க்கு. அதில் அறுபத்துமூன்று என்றால் தண்ணீர் போகிற வழி அறுபத்துமூன்று. பிறகு சங்கத்தில் இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் போதும் என்றார்கள். பிளாஸ்டிக் பட்டியலிலும் அறுபத்துமூன்று என்று ஒரு அளவு இருந்தது. ஒரே எண்! தசமத்துக்கு அன்று சந்தோஷம்கூட. திருப்பிக் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் பிளாஸ்டிக்காரர்கள் வெளியே அளந்து எண் வைக்கிறவர்கள். சுவரின் கனம் போனால் உள்ளே ஐம்பத்தொன்றுதான்.

பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று தெரு கேட்கும். குழாய் ஒடுங்கினால் இழப்பு அதே அளவில் கூடுவதில்லை. விட்டம் பாதியானால் இழப்பு இரண்டு மடங்கு அல்ல, கிட்டத்தட்ட முப்பது மடங்கு. அவர் கால்குலேட்டரைத் தொடவே இல்லை. மனசுக்குள்ளேயே விடை வந்து நின்றது. பிறகு தாளிலும் போட்டுப் பார்த்தார். அஞ்சு புள்ளி ஒன்று இருந்த இடத்தில் பதின்மூன்று புள்ளி ஏழு. வளைவுகளையும் சேர்த்தால் பதினாலரை. கையில் இருந்ததோ, முப்பத்திரண்டில் மேட்டுக்குப் பதினெட்டு போக, பதினாலு. தையல்காரம்மாவின் குழாய்க்குத் தண்ணீர் ஏற அரை மீட்டர் பற்றாக்குறை.

இது வரைக்கும்கூட அவர் தாங்கியிருப்பார். அடுத்து நினைவுக்கு வந்ததுதான் அவரை நாற்காலியிலேயே அழுத்திவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. அவர் முகத்தில் சவர நுரை. பிளம்பர் வாசலில் நின்று, கையில் கடைச்சீட்டோடு கேட்டான்: “மாமா, பிளாஸ்டிக்ல அறுபத்துமூணுங்கறது வெளி அளவு. உள்ளே அம்பத்தொண்ணுதான் வரும். அடுத்த சைஸ் எடுத்துடட்டுமா?”

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “எழுதியிருக்கறதை வாங்குப்பா. கணக்கு நான் பார்த்துக்கறேன்.”

அவன் இன்னும் ஒரு நிமிடம் நின்றான். “இல்ல மாமா...” என்றான். “போப்பா” என்றார் இவர். ஜன்னலோரம் துணி தேய்த்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் கேட்டது காதில் விழாமல் இல்லை. கேள்வி கேட்க வேண்டிய பையன், கேள்வியோடு பதிலையும் கொண்டுவந்து நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வது?

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. முழுதும் கேட்டாள். “சரி, சொல்லிட்டு?” என்றாள்.

“சொல்லிட்டா அவன் பேர் சுத்தமாயிடும்.”

“உங்க பேர்?”

அவர் ஒரு கீரைக் காம்பை எடுத்து ஒடித்தார்.

“தெருவுல இன்னிக்கும் உங்களைப் பார்த்தா எழுந்து நிக்கறாங்க. அது எதனால? அந்தக் கணக்காலதான். அதையும் தூக்கிப் போட்டுட்டு என்ன பண்ணப்போறீங்க, வீட்டுல உட்கார்ந்து காய் நறுக்கப்போறீங்களா?” காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். “அதுவும் இல்லாம, இந்தச் சம்பந்தம் தானா முறிஞ்சுதுன்னா எனக்கொண்ணும் வருத்தம் இல்ல. பழி நம்ம மேலயும் வராது.”

கெட்டவள் அல்ல. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நன்றாக இருப்பது என்றால் என்ன என்பதை அவளே முடிவுசெய்துவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் தசமம் குழிக்குப் போனார். பிளம்பர் பத்தாவது இணைப்பில் இருந்தான். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார்.

“குழாயோட உள்ளளவு கொஞ்சம் குறைச்சலா இருக்கும்போலிருக்கு,” என்றார். தன் வாயிலிருந்து ‘கொஞ்சம்’ என்ற சொல் வந்தது அவருக்கே விநோதமாக இருந்தது. அவர் அப்படியெல்லாம் அளக்கிறவர் இல்லை.

“தெரியும் மாமா. அன்னிக்கே கேட்டேனே.”

“அப்போ கூட்டத்துல ஏம்பா சொல்லல?”

அவன் கையில் இருந்த மண்ணைத் தட்டினான். “நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். உங்களை நான் காட்டிக்கொடுத்துட்டு, அப்புறம் உங்க வீட்டுல வந்து எப்படிச் சாப்பிட உட்கார்றது?”

“தெரிஞ்சுமா இத்தனையும் வெட்டறே?”

“தோண்டலேன்னா நான்தான் தப்புன்னு ஆயிடுமே. தோண்டினா ஒண்ணும் இல்லைன்னாவது தெரியும்.” சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தசமத்தால் பார்க்க முடியவில்லை. “ஆனா இனிமே தாங்காது மாமா. மூணு வீட்டுல ஒத்துக்கிட்ட வேலையைத் திரும்ப வாங்கிட்டாங்க.”

“ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. எழுந்து சொல்லிடறேன்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

ஞாயிற்றுக்கிழமை. தசமம் குழாய்த் துண்டையும் வெர்னியரையும் பையில் போட்டுக்கொண்டுதான் போனார். அதில் சந்தேகமே இல்லை. படியேறும்போது முதல் வாக்கியத்தைக்கூடத் தயார்பண்ணி வைத்திருந்தார்: ‘ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கு.’

உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். செயலாளர் புதிதாக இரண்டு பேரை அழைத்துவந்து நிறுத்தினார். பின்தெருச் சங்கத்துக்காரர்கள். அங்கேயும் தனிக் குழாய் போடப்போகிறார்களாம். அவர்தான் கணக்குப் போட்டுத் தர வேண்டுமாம். “சொந்த மாப்பிள்ளைன்னுகூடப் பார்க்காம நின்னீங்களாமே, கேள்விப்பட்டோம் சார்,” என்று அவர்களில் ஒருவர் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தசமம் உட்கார்ந்தார். பை மடியில் கனத்தது.

பிளம்பர் பதினாலு இணைப்பையும் பற்றிச் சொன்னான். அடைப்பு இல்லை. “அடைப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. என்னப்பா மாயமா இருக்கு?” என்றார் ரொட்டிக்கடைக்காரர். தையல்காரம்மா இந்தத் தடவை கத்தவில்லை. ஆறு வாளித் தண்ணீரைக் கீழிருந்து சுமந்து ஏறி முட்டி வீங்கியிருந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்குப் போட்டவர் ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?” என்று கேட்டார் செயலாளர்.

அவ்வளவு நேராகக் கதவைத் திறந்துவிட்டார்கள். தசமம் எழுந்தார். பிளம்பர் அவரைப் பார்த்தான். கதவருகே நின்ற மகள் அவரைப் பார்த்தாள். பின்தெருக்காரர்கள் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தார்கள்.

“மேல ஒரு சின்ன பம்பு வச்சா சரியாயிடும்,” என்றார் தசமம். உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பம்பு வைக்கத் தீர்மானம். அடுத்த தீர்மானம்: வேலைக் குறைபாடு காரணமாக இன்ன பிளம்பருக்கு இனி இந்தத் தெருவில் வேலை கிடையாது, மற்ற ஏழு தெருச் சங்கங்களுக்கும் குழாய்க் கடைகளுக்கும் இதைத் தெரிவிப்பது. செயலாளர் வாசித்தார். கை தூக்கச் சொன்னார். ஒவ்வொரு கையாக எழும்பியது. தசமம் தூக்கவில்லை. அவர் தூக்காததைப் பார்த்து, “பாவம், மாப்பிள்ளையாச்சே, மனசு கேட்கல” என்று யாரோ உருகினார்கள்.

பிளம்பர் படியிறங்கும்போது அவர் பின்னாலேயே ஓடினார். “இருப்பா, அடுத்த வாரம்...”

“பரவாயில்ல சார்,” என்றான் அவன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் அன்னிக்கு ஜன்னலோரம்தானேப்பா இருந்தேன்.”

“தெரியும்மா.”

“அவர்தான் என்னைப் பேசக்கூடாதுன்னு சொல்லிட்டார். அப்பாவே சொல்வார், அவர் அப்படிப்பட்டவர்தான்னார். நானும் நம்பினேன்.” அவள் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தாள். “ஒரு வாக்கியம்ப்பா. எண்ணிப் பார்த்தா ஏழெட்டு வார்த்தை.”

“சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்.”

“எப்ப? அவர் ஊரை விட்டுப் போனப்புறமா?”

சொல்லிவைத்தாற்போல் அப்படியேதான் நடந்தது. ஏழு தெருவிலும் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. கடைக்காரர்கள் அவன் வந்தால் வேறு வேலையாக இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். நாலாவது வாரம் அவன் ஒரு துறைமுக நகரத்தில் கப்பல் குழாய் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், “தெரு எனக்கு ஒட்டின முத்திரையை தெருவே கிழிக்கட்டும். அப்புறம் வந்து கட்டிக்கறேன். அதுவரைக்கும் அவளைக் கூட்டிட்டுப் போனா, தப்பு பண்ணிட்டு ஓடினவன் கூடப் போனவள்னு அவளைச் சொல்லுவாங்க” என்றானாம். மண்டபத்துக்குச் சொன்ன நாள் வந்தது, போனது. அன்றைக்கு மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம்.

அதற்கு அடுத்த ஞாயிறு தசமம் கூட்டத்துக்குப் போனார். இந்தத் தடவை எந்த வாக்கியத்தையும் தயார்பண்ணவில்லை. உட்காரவும் இல்லை. நேரே வெள்ளைப்பலகைக்குப் போய், ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரைந்தார்.

“தப்பு என்னோடது,” என்றார். “வெளி அளவை உள்ளளவுன்னு எடுத்துக்கிட்டேன். அந்தப் பையன் முன்னாடியே வந்து எச்சரிச்சான். நான்தான் போப்பான்னேன்.”

எல்லாவற்றையும் சொன்னார். ஐம்பத்தொன்று புள்ளி நான்கு, பதின்மூன்று புள்ளி ஏழு, அரை மீட்டர். துண்டையும் வெர்னியரையும் மேசைமேல் வைத்தார். சவர நுரையைக்கூட விடவில்லை.

முடித்ததும் ரொட்டிக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாருங்கய்யா,” என்றார். “பொண்ணு வாழ்க்கைக்காக எவ்வளவு பெரிய பழியைத் தலைமேல தூக்கிப் போட்டுக்கறார்! அப்பான்னா இவர் அப்பா.”

“இல்ல, உண்மையாவே...”

“புரியுது சார், புரியுது. உட்காருங்க. யாராவது தண்ணி குடுங்க அவருக்கு.”

“அளந்து பாருங்க!” தசமம் துண்டையும் வெர்னியரையும் நீட்டினார். “இந்தாங்க, நீங்களே அளங்க!”

வெர்னியர் கைமாறிக் கைமாறிப் போனது. யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தன் கட்டைவிரலை அளந்து பார்த்தார். முப்பத்தொரு வருடம் கணக்குப் போட்டவர் இப்படி ஒரு சின்னத் தப்புப் பண்ணுவாரா என்று பின்வரிசை தீர்ப்பே சொல்லிவிட்டது.

“சார், தீர்மானம் போட்டுக் கடிதமும் போயாச்சு,” என்றார் செயலாளர் கனிவாக. “ஒருவழிப் பாதை. திரும்ப முடியாது.”

தசமம் கடைசியாகத் தையல்காரம்மாவிடம் திரும்பினார். “நீங்களாவது நம்புங்கம்மா. உங்க முட்டி வீங்கினது என்னாலதான்.”

தையல்காரம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். அந்த அறையிலேயே நம்பியவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. “பம்பு வச்சாச்சு, தண்ணி வருது சார்,” என்றார் சோர்வாக. “இப்ப வந்து யார் தப்புன்னு சொன்னா எனக்கு என்ன ஆகப்போவுது? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

தசமம் பலகையில் இருந்த இரண்டு வட்டங்களையும் தானே அழித்துவிட்டுப் படியிறங்கினார். வழியெல்லாம் ஆட்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். முன்னைவிட அதிகம் பேர். வீட்டில் மகளிடம், “சொல்லிட்டேம்மா. யாரும் நம்பல,” என்றார். அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். “இப்ப ஏன்ப்பா நம்பணும்?” என்று கேட்டாள்.

பிளம்பர் துறைமுக நகரத்திலேயே தங்கிவிட்டான். இரண்டாவது வருடம் அங்கே ஒரு நர்சைக் கட்டிக்கொண்டதாகவும், ஒரு பெண் குழந்தை என்றும், குழாய்க்கடைப் பையன்கள் மூலம் செய்தி வந்தது. மகள் கண்ணாடிக்கடையின் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அங்கே கண்ணாடி தேய்க்கும் வேலையில் இருந்த, மனைவியை இழந்த ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி அம்மாவுக்கு மட்டும் தொலைபேசியில் வந்தது. தையல்காரம்மா மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். செயலாளர் வீட்டை விற்றுவிட்டுத் தங்கை இருக்கும் பக்கம் போனார். தசமத்தின் மனைவி வருடத்துக்கு இரண்டு முறை பெட்டி கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்வருகிறாள். தசமத்தை அங்கே இதுவரை யாரும் கூப்பிடவில்லை.